கங்குவா ஒஸ்காருக்குப் போனதா? பட்டியலில் இருந்து மேடை வரை ஒரு எளிய விளக்கம்

2025 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருகோணமலை என்.சி. வீதியில் நான் வழக்கமாகப் போகும் சலூனில் என் முறை வரும்வரை காத்திருந்தேன். கதிரையில் இருந்த பொடியன் கழுத்தில் கட்டிய துணியோடேயே போனைத் தூக்கிக் காட்டினான். "அண்ணை, கங்குவா ஒஸ்காருக்குப் போட்டுதாம், பாத்தீங்களா?" முடி வெட்டுகிற அண்ணன் கத்தரியை நிறுத்தினார். "இஞ்ச ஓடாத படம் அங்க எப்பிடியடா போகும்? எல்லாம் காசு." மூலையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த ஐயா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ரகுமானோட முடிஞ்சுது தம்பி. அதுக்குப் பிறகு தமிழுக்கு ஒண்டும் குடுக்க மாட்டாங்கள்."

கங்குவா என்பது சூர்யா நடித்து 2024-இல் வந்த தமிழ்ப் படம். மூன்று பேரும் சினிமாவை உயிராகப் பார்க்கிறவர்கள். ஆனால் மூன்று பேர் சொன்னதும் சரியில்லை. பிழை அவர்களுடையது என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் தொடங்கி மார்ச் வரைக்கும் "ஒஸ்கார் போட்டியில்", "ஒஸ்காருக்குத் தேர்வு", "ஒஸ்கார் பட்டியலில்" என்று வருகிற செய்திகளில் வெவ்வேறு நான்கு கட்டங்களையும் ஒரே சொல்லால் எழுதிவிடுகிறார்கள். அந்தக் கட்டங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், மிச்சமெல்லாம் தானாக விளங்கும். அதனால் அன்றைக்கு சலூனில் நான் அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில், இது யார் கொடுக்கும் விருது?

ஒரு கரையில் மீனவர் சங்கம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதில் படகு ஓட்டுகிறவர்கள், வலை பின்னுகிறவர்கள், இயந்திரம் திருத்துகிறவர்கள் எல்லாரும் உறுப்பினர். வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் கூடி, இந்த வருஷம் நல்ல வலை பின்னினது யார், நல்லாப் படகு ஓட்டினது யார் என்று தங்களுக்குள் வாக்குப் போட்டு ஒருவருக்கு மாலை போடுகிறார்கள். கரையில் மீன் வாங்க நிற்கிற உங்களுக்கும் எனக்கும் அதில் வாக்கு இல்லை. அரசாங்கத்துக்கும் இல்லை. தொழில் செய்கிறவர்கள் தங்கள் தொழில்காரரைப் பாராட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

ஒஸ்காரும் இப்படித்தான். 1927-இல் அமெரிக்காவில் தொடங்கிய, சினிமாத் தொழிலில் இருப்பவர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் பெயரைச் சுருக்கமாக அகாதமி என்பார்கள். நடிகர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், இசையமைப்பாளர், ஒப்பனைக் கலைஞர் என்று தொழில்வாரியாகக் கிளைகள். உறுப்பினர் தொகை இப்போது 10,000-ஐத் தாண்டிவிட்டது. யாரும் காசு கட்டிச் சேர முடியாது, அழைப்பு வர வேண்டும். 2022-இல் சூர்யாவுக்கும் 2023-இல் மணிரத்னத்துக்கும் 2025-இல் கமல்ஹாசனுக்கும் அழைப்பு வந்ததை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். "ஒஸ்கார் குழுவில் நடுவரானார்" என்றுகூட சில இடங்களில் எழுதினார்கள். நடுவர் இல்லை, வாக்காளர். பத்தாயிரம் பேரில் ஒருவர்.

நடுவர் குழு வைத்துத் தீர்மானிக்கும் விழாக்கள் வேறு. பிரான்சின் கான் திரைப்பட விழாவில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஒரு சிறு குழு அறைக்குள் இருந்து பேசி முடிவெடுக்கும். ஒஸ்காரில் யாரும் கூடிப் பேசுவதில்லை. ஒவ்வொருவரும் தன் வீட்டில் இருந்து இணையம் வழியாக வாக்குப் போடுகிறார், வேறொருவர் எண்ணுகிறார். அதனால் "ஒஸ்கார்காரர் இந்தப் படத்தைப் புறக்கணித்துவிட்டார்கள்" என்று சொல்லும்போது, ஏதோ பத்துப் பேர் மேசையைச் சுற்றி இருந்து முடிவெடுத்தது மாதிரி நினைக்கக் கூடாது. அப்படி ஒரு மேசையே இல்லை.

ஆக: ஒஸ்கார் என்பது சினிமாத் தொழிலாளர் சங்கம் ஒன்றின் உறுப்பினர்கள் போடும் வாக்கு. மக்கள் வாக்கும் இல்லை, நடுவர் தீர்ப்பும் இல்லை.

அனுமதி அட்டை வேறு, பெறுபேறு வேறு

இனி கங்குவா விஷயத்துக்கு வருவோம். உயர்தரப் பரீட்சைக்கு விண்ணப்பித்த பிள்ளைக்கு அனுமதி அட்டை வருகிறது. வீட்டில் சந்தோஷம்தான், கோவிலில் வைத்துக் கும்பிட்டும் கொடுப்பார்கள். ஆனால் அந்த அட்டை வந்த அன்றே சந்தியில் "பல்கலைக்கழகத்துக்குத் தெரிவு" என்று பதாகை கட்டினால் எப்படி இருக்கும்? அந்தப் பிள்ளை இன்னும் பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே போகவில்லை.

ஒஸ்காரில் அந்த அனுமதி அட்டைக்குப் பெயர் தகுதிப் பட்டியல். அந்த வருஷம் வாக்குக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய படங்கள் இவை என்று உறுப்பினர்களுக்கு ஞாபகப்படுத்த அகாதமி வெளியிடும் பட்டியல் அது. இதில் இடம்பிடிக்க வாக்கு எதுவும் தேவையில்லை. தயாரிப்பாளர் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், படம் அமெரிக்காவின் குறிப்பிட்ட ஆறு நகரப் பகுதிகளில் ஒன்றிலாவது தொடர்ந்து 7 நாள், நாளுக்குக் குறைந்தது 3 காட்சி என்று தியேட்டரில் ஓடியிருக்க வேண்டும். லொஸ் ஏஞ்சல்ஸ், நியூயோர்க், சான் பிரான்சிஸ்கோ பகுதி, சிக்காகோ, டலஸ், அட்லாண்டா ஆகியவைதான் அந்த ஆறு. சிறந்த படத்துக்கான விருதுக்கு மட்டும் இதற்கு மேலும் சில நிபந்தனைகள் உண்டு.

ஊர்ப் பெயர்களைப் பார்த்தீர்களா? டலஸிலும் சான் பிரான்சிஸ்கோ பகுதியிலும் தமிழ்ச் சனம் நிறைய. பெரிய தமிழ்ப் படம் என்றால் அங்கே எப்படியும் ஒரு வாரம் ஓடும். ஆகவே பெரிய பட்ஜெட் தமிழ்ப் படத்துக்கு இந்த 7 நாள் விதி மலையில்லை. விண்ணப்பத்தை ஒழுங்காகக் கொடுத்தால் பட்டியலில் பெயர் வரும். 2025 ஜனவரியில் வந்த பட்டியலில் மொத்தம் 323 படங்கள் இருந்தன, அதில் 207 சிறந்த படத்துக்கான விருதுக்கும் தகுதி பெற்றவை. அந்த 323-இல் ஒன்றுதான் கங்குவா. 2022 ஜனவரியில் 276 படங்களின் பட்டியலில் ஜெய் பீம் இருந்தபோதும் இதே கூத்துத்தான், இதே தலைப்புகள்.

முடி வெட்டுகிற அண்ணன் "எல்லாம் காசு" என்று சொன்னதற்கும் இங்கே பதில் இருக்கிறது. யாரும் யாருக்கும் களவாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. படம் ஓடியது, படிவம் நிரப்பினார்கள், பெயர் வந்தது. இதில் ஊழலும் இல்லை, பெரிய பெருமையும் இல்லை. காசு விளையாடுகிற இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது: உறுப்பினர்களுக்குத் தனிக் காட்சி போடுவது, விளம்பரம் கொடுப்பது, நடிகரை ஊர் ஊராகக் கூட்டிப்போய்ப் பேச வைப்பது என்று பெரிய கொம்பனிகள் மாதக்கணக்கில் பிரசாரம் செய்யும். அது எல்லாருக்கும் தெரியத்தான் நடக்கிறது, அதற்கும் அகாதமி விதிகள் போட்டிருக்கிறது. ஆனாலும் சிறிய படங்களுக்கு அது பெரிய பாரம்தான், அதை நான் மறுக்கவில்லை.

பரிந்துரை: உண்மையான முதல் வாசல்

பட்டியலில் இருந்து வாக்கின் மூலம் சில படங்களையும் சில ஆட்களையும் பிரித்தெடுத்துக் கடைசிச் சுற்றுக்கு அனுப்புவதுதான் பரிந்துரை. பெரும்பாலான பிரிவுகளில் 5 பரிந்துரை, சிறந்த படத்துக்கு மட்டும் 10. இங்கே வாக்குப் போடுவது அந்தந்தத் தொழில்காரர். நடிகர்களுக்கான பரிந்துரையை நடிகர் கிளை தீர்மானிக்கும், ஒளிப்பதிவை ஒளிப்பதிவாளர்கள், இசையை இசைக்காரர். சிறந்த படத்துக்கு எல்லா உறுப்பினர்களும் பரிந்துரை செய்யலாம். வலையைப் பற்றி வலை பின்னுகிறவன் சொல்லட்டும் என்பதுதான் யோசனை, எனக்கு இது மிகவும் பிடித்த விதி.

சில பிரிவுகளில் இடையில் இன்னொரு படி உண்டு. டிசம்பரில் முதலில் ஒரு சின்னப் பட்டியலை வெளியிடுவார்கள், அதைக் குறும்பட்டியல் என்போம். வெளிநாட்டு மொழிப் படங்களில் 15, ஆவணப்படங்களில் 15 என்ற மாதிரி. குறும்பட்டியலுக்கு வருவதே உண்மையில் பெரிய விஷயம், ஏனென்றால் அதற்கு வாக்கு வேண்டும்.

ஆகவே செய்தி வரும்போது மாதத்தைப் பாருங்கள். டிசம்பரில் வந்தால் பெரும்பாலும் குறும்பட்டியல். ஜனவரித் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான படங்களோடு வந்தால் தகுதிப் பட்டியல். ஜனவரிக் கடைசி வாக்கில் பிரிவுக்கு ஐந்து பெயர் வந்தால் பரிந்துரை. விருது அதற்குப் பிறகு, பெப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ. கங்குவா நின்றது இரண்டாவதாகச் சொன்ன இடத்தில், அதைத் தாண்டவில்லை.

தமிழ்த் தினப் போட்டி மாதிரி ஒரு பிரிவு

பாடசாலையில் படித்த எல்லாருக்கும் தமிழ்மொழித் தினப் போட்டி தெரியும். பாடசாலையில் முதலாவதாக வந்தவர் கோட்டத்துக்கு, கோட்டத்தில் வென்றவர் வலயத்துக்கு, பிறகு மாகாணம், கடைசியில் அகில இலங்கை. உங்கள் வலயத்தில் மூன்று பேர் அருமையாகப் பேசினாலும் மேலே போவது ஒருவர்தான். திருகோணமலையில் இரண்டாவதாக வந்த பிள்ளை, வேறொரு வலயத்தில் முதலாவதாக வந்த பிள்ளையைவிட நல்லாய்ப் பேசக்கூடும். ஆனால் விதி விதிதான்.

ஒஸ்காரில் சர்வதேசப் படம் என்ற பிரிவு இதே மாதிரி. அமெரிக்காவுக்கு வெளியே, ஆங்கிலம் அல்லாத மொழியில் எடுத்த படங்களுக்கானது. 2019 வரை இதை வெளிநாட்டு மொழிப் படம் என்று அழைத்தார்கள். ஒரு நாட்டுக்கு ஒரு படம் மட்டும். எந்தப் படம் என்று அகாதமி தீர்மானிப்பதில்லை, அந்தந்த நாட்டில் இருக்கும் தெரிவுக் குழுதான் தீர்மானிக்கும். இந்தியாவில் தமிழ், ஹிந்தி, மலையாளம், தெலுங்கு, வங்காளம் என்று இத்தனை மொழிச் சினிமாவும் அந்த ஒரேயொரு இடத்துக்குப் போட்டி போட வேண்டும். அந்த நெருக்கத்துக்குள்ளும் தமிழ்ப் படங்கள் பல தடவை போயிருக்கின்றன: தெய்வ மகன், நாயகன், அஞ்சலி, தேவர் மகன், குருதிப்புனல், ஹே ராம், 2016-இல் விசாரணை, 2021-இல் கூழாங்கல். இவற்றில் எதுவும் பரிந்துரைக்கு வரவில்லை. இந்தியாவில் இருந்து இந்தப் பிரிவில் கடைசி ஐந்துக்குள் வந்தவை மதர் இந்தியா, சலாம் பாம்பே, லகான் என்ற மூன்று மட்டும்தான், மூன்றும் வெல்லவில்லை. எங்கள் இலங்கைக்கு இந்தப் பிரிவில் இன்னும் ஒரு பரிந்துரையும் இல்லை.

சரி, அப்படியென்றால் 2023-இல் நாட்டு நாட்டு பாட்டு எப்படி வென்றது? இங்கேதான் சனம் அதிகம் குழம்புகிறது. அந்த வருஷம் இந்தியா அனுப்பிய படம் ஆர்ஆர்ஆர் இல்லை, செல்லோ ஷோ என்ற குஜராத்திப் படம். ஆர்ஆர்ஆர் படக்குழு மற்ற வாசல் வழியாக, அதாவது அமெரிக்கத் தியேட்டரில் ஓட்டி, பொதுப் பிரிவுகளில் விண்ணப்பித்து வந்தார்கள். இசைக் கிளை அந்தப் பாட்டைப் பரிந்துரைத்தது, பிறகு முழு அகாதமியும் வாக்களித்தது. நாடு அனுப்பாவிட்டாலும் படத்துக்கு வழி இருக்கிறது. கொரியாவின் பாரசைட் 2020-இல் சர்வதேசப் படத்துக்கான விருதையும் சிறந்த படத்துக்கான விருதையும் ஒன்றாக எடுத்தது. ஆங்கிலம் இல்லாத ஒரு படம் சிறந்த படமாக வென்றது அதுதான் முதல் தடவை.

சுருக்கமாக: நாடு அனுப்பும் வாசல் ஒன்று, தியேட்டரில் ஓட்டி விண்ணப்பிக்கும் வாசல் ஒன்று. ஒரு படத்துக்கு இரண்டும் திறந்திருக்கலாம்.

வாக்கு எண்ணுவது: நிலாவெளியா, புறாத்தீவா?

இதுதான் நான் ஆசையோடு எழுதவந்த பகுதி, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். எங்கள் குடும்பத்தில் 21 பேர் ஞாயிற்றுக்கிழமை எங்காவது போக வேண்டும் என்று முடிவாகிறது. நான்கு இடம் பேச்சில் இருக்கிறது. கை தூக்கச் சொன்னால் புறாத்தீவுக்கு 8 கை, நிலாவெளிக் கடற்கரைக்கு 6, கன்னியா வெந்நீரூற்றுக்கு 4, மார்பிள் பீச்சுக்கு 3. கூடிய கை புறாத்தீவுக்கு, ஆகவே புறாத்தீவு. ஆனால் அந்த எட்டுப் பேரும் இளசுகள், மற்ற பதின்மூன்று பேரில் பலர் படகில் ஏறவே பயப்படுகிறவர்கள். அம்மம்மா கரையில் குடை பிடித்துக்கொண்டு நாள் முழுக்க இருக்க வேண்டியதுதான். கூடிய வாக்கு யாருக்கோ அவர் வெற்றி என்ற இந்த முறையைக் கூடிய வாக்கு முறை என்று வைத்துக்கொள்வோம். ஒஸ்காரில் சிறந்த நடிகர், சிறந்த இயக்குநர், இசை, பாட்டு என்று கிட்டத்தட்ட எல்லாப் பிரிவிலும் கடைசி வாக்கு இப்படித்தான்.

சிறந்த படத்துக்கு மட்டும் வேறு முறை. அங்கே 10 படம் நிற்கிறது, கூடிய வாக்கு முறையில் எண்ணினால் 11 வீதம் எடுத்த படம்கூட வென்றுவிடலாம், மிச்ச 89 வீதம் பேருக்கு அது பிடிக்காமலே இருக்கலாம். அதனால் உறுப்பினர்கள் படங்களை 1, 2, 3 என்று தங்கள் விருப்பப்படி வரிசைப்படுத்த வேண்டும். இதற்குப் பெயர் வரிசை வாக்கு. எப்படி எண்ணுகிறார்கள் என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை வைத்தே பார்ப்போம்.

எல்லாரும் துண்டில் 1, 2, 3, 4 என்று எழுதித் தருகிறார்கள். முதல் எண்ணிக்கை முன்னர் சொன்னதுதான்: புறாத்தீவு 8, நிலாவெளி 6, கன்னியா 4, மார்பிள் பீச் 3. வெல்ல வேண்டுமென்றால் பாதிக்கு மேல், அதாவது 11 வேண்டும். யாருக்கும் இல்லை. ஆகக் குறைந்தது மார்பிள் பீச், அதை விலக்குகிறோம். ஆனால் அந்த 3 துண்டுகளையும் குப்பையில் போடுவதில்லை, அவற்றில் 2 என்று எதற்கு எழுதியிருக்கிறது என்று பார்க்கிறோம். இரண்டு துண்டில் நிலாவெளி, ஒன்றில் கன்னியா. இப்போது புறாத்தீவு 8, நிலாவெளி 8, கன்னியா 5. இன்னும் 11 இல்லை. அடுத்துக் கன்னியா விலகுகிறது. அந்த 5 துண்டில் அடுத்த விருப்பம் நான்கில் நிலாவெளி, ஒன்றில் புறாத்தீவு. முடிவு: நிலாவெளி 12, புறாத்தீவு 9. நிலாவெளி வென்றது! முதல் எண்ணிக்கையில் இரண்டாவதாக நின்ற இடம் அது, ஆனால் பெரும்பாலானவர்கள் "சரி, அங்கே போனாலும் சந்தோஷம்தான்" என்று நினைத்த இடம்.

இது எங்களுக்குப் புதிதில்லை. இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலில் நாங்கள் 1, 2, 3 என்று போடுகிற உரிமை இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 2019 வரைக்கும் எல்லாத் தேர்தலிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் 50 வீதத்தைத் தாண்டிவிட்டதால் அந்த 2-ஐயும் 3-ஐயும் எண்ண வேண்டி வரவில்லை, பலர் அப்படியொன்று இருப்பதையே மறந்துவிட்டோம். 2024 செப்டெம்பரில்தான் முதல் தடவையாக இரண்டாம் எண்ணிக்கை வந்தது. அனுர குமார திசாநாயக்க 5,634,915 வாக்கு, அதாவது 42.31 வீதம், சஜித் பிரேமதாச 4,363,035 வாக்கு, 32.76 வீதம். மற்ற வேட்பாளர்கள் எல்லாரையும் விலக்கி, அவர்களின் வாக்குச் சீட்டில் இருந்த அடுத்த விருப்பங்களை எண்ணியபோது முன்னவருக்கு 105,264-உம் பின்னவருக்கு 167,867-உம் கூடின. வரிசை மாறவில்லை, ஆனால் எண்ணும் முறையை அன்றிரவு நாடு முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து கற்றுக்கொண்டது.

ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் தேர்தலில் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரையும் ஒரே அடியில் விலக்கிவிடுவார்கள். ஒஸ்காரில் கீழே இருந்து ஒவ்வொன்றாக, நிலாவெளிக் கதை மாதிரி. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பாராளுமன்றத் தேர்தலில் நாங்கள் போடும் விருப்பு வாக்கையும் இதையும் கலக்க வேண்டாம். அங்கே மூன்று பேருக்கு இலக்கம் தெரிந்து புள்ளடி போடுகிறோம், மூன்றுக்கும் ஒரே மதிப்பு. வரிசை என்பது அங்கே இல்லை.

இந்த வரிசை வாக்கினால் என்ன நடக்கிறது? ஒரு பகுதியினர் தலையில் தூக்கிவைத்தும் மற்றவர்கள் கடைசியில் போட்டும் இருக்கும் படம் தோற்கலாம், எல்லாரும் இரண்டாவது மூன்றாவதாகப் போட்ட படம் மெதுவாக மேலே ஏறி வரலாம். 2016-இல் மேட் மேக்ஸ் ஆறு விருது எடுத்தது, ரெவெனன்ட் சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர், ஒளிப்பதிவு என்று மூன்றை எடுத்தது. சிறந்த படமாக வென்றதோ ஸ்பொட்லைட், அதற்குக் கிடைத்த மற்ற விருது திரைக்கதைக்கு மட்டும். வாக்கு எண்ணிக்கையை அகாதமி வெளியிடுவதில்லை, அதனால் யார் எத்தனையாவது சுற்றில் ஏறினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் முறை எதை ஆதரிக்கும் என்பது நிலாவெளியில் விளங்கிவிட்டது.

2009-க்குப் பிறகுதான் சிறந்த படத்துக்கு இந்த முறை திரும்பி வந்தது, அந்த வருஷம்தான் ஐந்து இடத்தைப் பத்தாக்கினார்கள். அண்மையில் இன்னொரு விதியும் சேர்ந்திருக்கிறது: ஒரு பிரிவில் கடைசி வாக்குப் போட வேண்டுமென்றால் அந்தப் பிரிவில் பரிந்துரையான எல்லாப் படத்தையும் பார்த்திருக்க வேண்டும். இது எப்பவோ வந்திருக்க வேண்டிய விதி.

உறை

வாக்கை எண்ணுவது அகாதமி இல்லை, வெளியில் இருந்து வரும் கணக்காய்வு நிறுவனம். முடிவு மேடையில் உறை திறக்கும்வரை அந்த நிறுவனத்தின் ஒரு சிலருக்கு மட்டுமே தெரியும். எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஆரம்பத்தில் பத்திரிகைகளுக்கு முன்கூட்டியே பெயரைக் கொடுத்து, இரவு 11 மணிக்குப் பிறகு வெளியிடுங்கள் என்று சொல்லி வைப்பார்கள். 1940-இல் லொஸ் ஏஞ்சல்ஸ் பத்திரிகை ஒன்று மாலைப் பதிப்பிலேயே எல்லாவற்றையும் அச்சடித்துவிட்டது, விழாவுக்கு வந்தவர்கள் வாசலிலேயே முடிவை வாசித்துக்கொண்டு உள்ளே போனார்கள். அடுத்த வருஷத்தில் இருந்துதான் ஒட்டிய உறை.

2017-இல் நடந்த குழப்பத்தைப் பலர் "முடிவை மாற்றிவிட்டார்கள்" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நடந்தது இதுதான். மேடையின் இரண்டு பக்கத்தில் இருந்தும் ஆட்கள் வரலாம் என்பதால் ஒவ்வொரு விருதுக்கும் இரண்டு உறை இருக்கும், பக்கத்துக்கு ஒன்று. சிறந்த நடிகைக்கான உறையை ஒரு பக்கத்தில் திறந்து எம்மா ஸ்டோனுக்கு விருது கொடுத்தாயிற்று, மற்றப் பக்கத்தில் அதே விருதின் இரண்டாவது உறை திறக்காமல் அப்படியே இருந்தது. அடுத்து வந்தவர்கள் கையில் சிறந்த படத்துக்கான உறைக்குப் பதிலாக அது போய்விட்டது. உள்ளே எம்மா ஸ்டோன், லா லா லாண்ட் என்று இருந்ததால் படத்தின் பெயரை மட்டும் வாசித்தார்கள். லா லா லாண்ட் குழு மேடையேறிப் பேசத் தொடங்கிய பிறகுதான் பிழை தெரிந்தது, அந்தப் படத்தின் தயாரிப்பாளரே சரியான அட்டையைத் தூக்கிக் காட்டி மூன்லைட் வென்றது என்று அறிவித்தார். வாக்கு மாறவில்லை, உறை மாறியது.

விடியக்காலை நிகழ்ச்சி

1929-இல் முதல் விழா ஒரு ஹோட்டலில் இராப்போசனத்தோடு நடந்தது, விருது கொடுத்து முடிக்க 15 நிமிடம் போதுமாக இருந்தது, யார் வென்றது என்பதும் மூன்று மாதத்துக்கு முன்னமே எல்லாருக்கும் தெரியும். 1953-இல் தொலைக்காட்சி வந்த பிறகுதான் இது மணிக்கணக்கான நிகழ்ச்சியாக மாறியது. அகாதமியின் வருமானத்தில் பெரும்பங்கு இந்த ஒளிபரப்பு உரிமையில் இருந்துதான் வருகிறது, அதனால் பாட்டும் ஆட்டமும் சும்மா அலங்காரம் இல்லை, சங்கத்தின் சோறு அது. இப்போது அமெரிக்காவில் ஏபிசி அலைவரிசையில் போகிறது, 2029 முதல் யூடியூப்புக்கு மாறப்போகிறது. எங்களுக்கு அது திங்கட்கிழமை விடியக்காலையில் வரும். 2025 மார்ச் 2 ஞாயிறு பின்னேரம் லொஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியது இங்கே மார்ச் 3 காலை 5.30 மணி.

வென்றவருக்குக் காசு கிடையாது. தங்கமுலாம் பூசிய வெண்கலச் சிலை, உயரம் 34 சென்ரிமீற்றர், நிறை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. விற்க நினைத்தால் முதலில் அகாதமிக்கு ஒரு டொலருக்குக் கொடுக்க முன்வர வேண்டும் என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

ஐயா சொன்ன ரகுமான் விஷயம்

2009 பெப்ரவரியில் ஏ.ஆர். ரகுமான் இரண்டு ஒஸ்கார் வாங்கினார், பின்னணி இசைக்கு ஒன்று, ஜெய் ஹோ பாட்டுக்கு ஒன்று. படம் ஸ்லம்டோக் மில்லியனர், அது பிரித்தானியத் தயாரிப்பு. ஆக இந்தியா அனுப்பி வந்ததில்லை, இந்தியாவுக்கோ தமிழுக்கோ கொடுத்ததும் இல்லை. ஒரு இசையமைப்பாளரின் வேலையை மற்ற இசைக்காரர்கள் பரிந்துரைத்து, முழுச் சங்கமும் வாக்களித்தது. அந்த வருஷம் பாட்டுக்கான பரிந்துரையே மூன்றுதான், அதில் இரண்டு ரகுமானுடையவை. அவற்றில் வெல்லாத ஓ சாயா பாட்டை ரகுமானோடு சேர்ந்து எழுதி, சேர்ந்தே பரிந்துரை பெற்றவர் மாயா அருள்பிரகாசம், எங்கள் நாட்டு வேர் உள்ள தமிழ்ப் பெண். இதை எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ரகுமான் மேடையில் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னதை மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

அதோடு முடியவும் இல்லை. 2023-இல் நாட்டு நாட்டு வென்ற அதே மேடையில் குறு ஆவணப்படத்துக்கான விருது த எலிபன்ட் விஸ்பரர்ஸ் படத்துக்குப் போனது. முதுமலையில் அநாதையான யானைக்குட்டிகளை வளர்க்கும் பொம்மன், பெள்ளி தம்பதியின் கதை. அதில் அவர்கள் பேசுவது தமிழ்.

அன்றைக்கு சலூனில் இதைச் சொன்னபோது ஐயா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "தமிழ்ப் படமோ? ஒஸ்காரோ? எங்க, காட்டு பாப்பம்" என்றார். பொடியன் பாதி வெட்டின தலையோடு யூடியூப்பில் அதன் முன்னோட்டத்தைத் தேடிப் போட்டான். கந்தளாய் வழியில் இரவில் பஸ்ஸில் வந்தவர்களுக்கு யானை என்றால் முதலில் பயம்தான் வரும். இங்கே குட்டி யானை ஒன்று அந்த மனுஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறது. முடி வெட்டுகிற அண்ணன் மின்விசிறியை நிறுத்தினார், சத்தம் கேட்கவில்லை என்று. ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காதைப் போனுக்குக் கிட்டக் கொண்டுபோய், "ஓம், தமிழ்தான் கதைக்கினம்" என்றார்.